பேனாவைக் கீழே வைத்தவர்கள்

"நாங்க நாலு பேரும் சேர்ந்து எண் கணக்குப் புதிர் போட்ட அந்த நாட்கள் மாதிரி இனி வருமா?" என்று பழைய மாணவர் கூட்டத்தில் ஒருவன் மேடையேறிக் கண்கலங்கினான். வழுக்கைத் தலை, தோளில் சால்வை, கையில் மைக். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, தட்டில் வைத்துக் கொடுத்த மைசூர்பாகைத் தின்றுகொண்டிருந்தேன். 'சேர்ந்து' என்ற சொல் காதில் விழுந்ததும் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. பக்கத்து நாற்காலி அம்மாள் என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். மேடையில் இருந்தவன் சொன்ன நாலு பேரில் நானும் ஒருத்தி என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

எதற்குச் சிரித்தாய் என்று அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சேர்ந்து நாங்கள் காபி குடித்தோம். வேறெதுவும் சேர்ந்து செய்ததாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் பி.எஸ்ஸி. கணிதம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். வகுப்பில் கெட்டிக்காரர்கள் என்று பேரெடுத்த மூன்று பையன்களும் நானும். வாரத்தில் சில நாட்கள் கல்லூரி முடிந்ததும் அக்ரஹாரத்தில் ஒருவன் வீட்டு மாடியறையில் கூடுவோம். அவன்தான் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வீடு அவனுடையது, கரும்பலகை அவனுடையது, காபி அவன் அம்மா போடுவது, ஆகவே தலைமையும் அவனுடையது. அவனை இங்கே அக்ரஹாரத்தான் என்றே சொல்கிறேன். இரண்டாமவன் கையில் எண்கள் ஓடும் கடிகாரம் கட்டியிருப்பான், அவன் கடிகாரக்காரன். மூன்றாமவன் தினமும் சாமராஜநகரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். அக்ரஹாரத்தான் வாயைத் திறப்பதற்கு முன்பே "ஹௌது, ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிடுவான்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. பலகையில் புதிரை எழுதிவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டும். விடை வந்தவர் பேனாவை மூடிப் பாயில் தன் முன்னால் வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் பேச்சு கிடையாது. எப்படிப் போட்டாய் என்று யாரும் கேட்கக்கூடாது, போட்டவர் சொல்லவும் கூடாது. நாலு பேனாவும் பாயில் வந்துவிட்டால் புதிர் முடிந்தது. அக்ரஹாரத்தான் எழுந்து பலகையைத் துடைப்பான்.

"ஏன் சொல்லக்கூடாது?" என்று முதல் நாளே கேட்டேன்.

"இன்னொருத்தர் போட்டதை வாங்கிக்கறது எச்சில்" என்றான் அக்ரஹாரத்தான். "நாம எச்சில் சாப்பிடறதில்லை."

சொல்லிவிட்டுத் தம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி, உதடு படாமல் காபியை ஊற்றிக்கொண்டான். ஒரு சொட்டு சிந்தாது. அந்த வித்தையில் மட்டும் அவனை அடிக்க ஆளில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவன் அம்மா வாசற்படியில் நின்று, "அவன் கெடக்கான்மா, நீ சௌகரியமா சாப்பிடு" என்று என்னிடம் சொல்வார். நல்ல மனுஷி. அவருக்கு எப்படி இப்படி ஒன்று பிறந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். பேனாக்கள் எப்போதும் ஒரே வரிசையில்தான் விழுந்தன. காபி வந்து, ஊற்றிக்கொண்டு, தம்ளரை வைத்ததும் அக்ரஹாரத்தானின் தங்கமூடிச் சீனப் பேனா பாயில் இறங்கும். கடிகாரக்காரன் அப்போதே கடிகாரத்தைப் பார்ப்பான். உடனே வைத்தால் காப்பியடித்த மாதிரி இருக்கும், ரொம்பத் தாமதித்தால் மந்தம் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கௌரவமான இடைவெளி விட்டு அவனும் வைப்பான். புதிர் எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் சாமராஜநகர் பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாமவனுக்கு விளங்கிவிடும். பேனாவை வைத்த கையோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவான்.

கடைசிப் பேனா எப்போதும் என்னுடையது. விடை வராமல் பேனாவை வைக்க எனக்குத் தெரியவில்லை. சில புதிர்கள் அன்றைக்கே வரும், சில மூன்று நான்கு நாள் இழுக்கும். அதுவரை அடுத்த புதிர் போட முடியாது என்பதால் மூவரும் என்னைப் பார்த்தபடி கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "மெதுவா யோசி, அவசரமில்லை" என்பான் கடிகாரக்காரன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. எனக்கு அவன் கையோடு அந்தக் கடிகாரத்தையும் முறிக்க வேண்டும் போலிருக்கும்.

பிறகு ஏன் போனாய் என்று கேட்கலாம். புதிருக்காகப் போனேன். நல்ல புதிர்கள் அடங்கிய புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுக்கும் சீட்டு அக்ரஹாரத்தானிடம் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. கோடை விடுமுறையில் பெங்களூரில் கணித மாணவர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடக்க இருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரை அனுப்பலாம். அங்கே நன்றாகச் செய்தவர்களுக்கு உதவித்தொகையோடு எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைக்கும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அனுப்பப்போவது எங்கள் நால்வரில் ஒருவரைத்தான் என்றும் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த நிலம் கைவிட்டுப் போனதும் அப்பா மைசூருக்கு வந்து ஊதுபத்திக் கம்பெனியில் சேர்ந்தவர். முதலாளி அவரிடம், மகள் கணக்கில் கெட்டி என்கிறாயே, படிப்பு முடிந்ததும் கணக்குப் பிரிவுக்கு அனுப்பு என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது பெரிய கௌரவம். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து ஒரு வழி வைத்திருந்தார்.

"பெங்களூருக்கு உன்னையக் கூப்புட்டாங்கன்னா நீ பாட்டுக்குப் படி கண்ணு. நான் தடுக்க மாட்டன். கூப்புடலீன்னா ஜூன்ல கம்பெனிக்கு வந்துரோணும். செரியா?"

சரி என்றேன். அதற்கு மேல் பேரம் பேசும் வீடில்லை எங்களுடையது.

மார்ச் மாதம் ஒரு நாள் அக்ரஹாரத்தான் பலகையில் எழுதிய புதிர் இது: ஐந்திலிருந்து தொடங்கி எந்த ஒற்றைப்படை எண்ணை எடுத்தாலும், அதை ஒரு பகா எண்ணும் இரண்டின் அடுக்கு ஒன்றும் சேர்ந்த கூட்டுத்தொகையாக எழுதலாம். நிரூபி.

இரண்டின் அடுக்கு என்றால் 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போவது. பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது. 15 என்றால் 13-உம் 2-உம். 21 என்றால் 19-உம் 2-உம். 29 கொஞ்சம் அடம் பிடிக்கும். பிறகு 13-உம் 16-உம் என்று வழிக்கு வரும். எந்த எண்ணைத் தொட்டாலும் வழிக்கு வந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது.

காபி வந்தது. சீனப் பேனா இறங்கியது. கௌரவமான இடைவெளி விட்டு இரண்டாவது பேனா. பஸ்ஸுக்கு முன்னால் மூன்றாவது. நான் மட்டும் 5, 7, 9 என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்ரஹாரத்தான் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டான்.

"நீ என்ன, எண்ணைப் போட்டா பாத்துண்டிருக்கே? அது கடைக்காரா பண்ற வேலை. ஆயிரம் எண்ணுக்குச் சரியா வந்தாலும் அது நிரூபணம் ஆயிடுமா?"

"ஆகாது."

"பின்னே?"

"எனக்கு அதுக கூடப் பழகணும்" என்றேன். மூவரும் சிரித்தார்கள். சாமராஜநகரத்தான் சிரிக்க வேண்டும் என்பதற்காகப் படியிலிருந்து ஒருமுறை திரும்பி வந்தான்.

எண்ணைத் தொட்டுப் பார்ப்பதை அந்த அறையில் தரித்திரம் என்று நினைத்தார்கள். மேதைகளுக்கு எல்லாம் உச்சியிலிருந்து இறங்கி வரவேண்டும். சிலேட்டுக் கணக்கு மாதிரி ஒன்றிலிருந்து ஏறிப் போகிறவர்கள் கம்பெனியில் கணக்கு எழுதத்தான் லாயக்கு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று தெரிந்த பிறகு அதைச் சொல்லவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க என் பேனா கீழே இறங்கவில்லை. நிரூபணம் வருகிற வழியாக இல்லை. எங்கே தொட்டாலும் சுவர். அலுப்பு தட்டும்போதெல்லாம் எண்களுக்கே திரும்புவேன். ஒரு பௌதிக வகுப்பில், ஆசிரியர் கண்ணாடி வில்லைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் 119, 121, 123, 125 என்று வந்துகொண்டிருந்தேன். எல்லாம் வழிக்கு வந்தன. அடுத்தது 127.

127-இலிருந்து 2 போனால் 125, ஐந்தால் வகுபடும். 4 போனால் 123, மூன்றால் வகுபடும். 8 போனால் 119, அது ஏழு பதினேழு. 16 போனால் 111, மறுபடி மூன்று. 32 போனால் 95, ஐந்து. 64 போனால் 63, ஏழொன்பது. அதற்கு அடுத்த அடுக்கு 128, எண்ணைவிடப் பெரியது. ஒன்றையும் அடுக்கில் சேர்த்துக்கொண்டாலும் மிஞ்சுவது 126, இரட்டைப்படை. கதவுகள் எல்லாம் மூடிக்கிடந்தன.

அப்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது. மூன்று பேர் நிரூபித்துவிட்ட ஒன்று எப்படித் தப்பாக இருக்கும்? கழித்தலில்தான் கோட்டை விட்டிருக்கிறேன் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க, பள்ளிக்கூடப் பிள்ளை போடும் ஆறு கழித்தலை நம்பாமல் பாயில் கிடந்த மூன்று பேனாக்களை நம்பினேன். அவர்களை நினைத்து வரும் எரிச்சலைவிட அந்த ஒரு நாளை நினைத்தால் வரும் எரிச்சல் எனக்கு அதிகம்.

மறுநாள் நூலகத்தில், அக்ரஹாரத்தான் புதிரை எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்திருந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி அங்கேயே நின்று பார்த்தேன். புதிர் அப்படியே இருந்தது. கடைசிச் சொல் மட்டும் வேறு. 'நிரூபி' என்று புத்தகத்தில் இல்லவே இல்லை. 'இது உண்மையா?' என்று கேட்டிருந்தது.

அங்கேயே புத்தக அலமாரியில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். நூலகர் முறைத்தார். பொய்யான ஒன்றை மூன்று மேதைகள் ஒரே மாலையில் நிரூபித்துப் பேனாவையும் மூடி வைத்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் முடிந்துபோன புதிர்கள் எத்தனை, அவற்றில் எத்தனையைத்தான் உண்மையில் போட்டார்கள் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர்களுடைய வேகத்தைப் பார்த்து என்னை நானே மந்தம் என்று நினைத்துக்கொண்டு எத்தனை நாள் வீடு திரும்பியிருக்கிறேன்!

அந்த வாரக் கடைசியில் பேராசிரியர் எங்கள் நால்வரையும் தன் அறைக்கு அழைத்தார். முகாம் விஷயம் என்று புரிந்தது. அவர் பேசுவது கன்னடத்தில். நான் தமிழில் சொல்கிறேன்.

"இப்போது என்ன புதிர் ஓடுகிறது?" என்று கேட்டார்.

அக்ரஹாரத்தான் புதிரைச் சொன்னான். "நாங்க மூணு பேரும் முடிச்சாச்சு சார். இவ மட்டும் இன்னும் பேனாவைக் கையிலேயே வெச்சிண்டிருக்கா" என்று என்னைக் காட்டினான். குரலில் பரிதாபம் வேறு.

"நான் பேனாவை வைக்கமாட்டேன் சார்" என்றேன். "அந்தப் புதிர் தப்பு. வழிக்கு வராத எண் ஒன்று இருக்கிறது."

அக்ரஹாரத்தானைப் பார்த்தேன். ஒரு நொடி அவன் முகம் காலியாக இருந்தது. அடுத்த நொடி அதில் ஒரு புன்னகை வந்து உட்கார்ந்தது.

"தெரியும் சார்" என்றான். "அதனாலதான் நானும் பேனாவை வெச்சேன். அது தப்புன்னு கண்டுபிடிச்சதாலதான்."

"நானும்தான் சார்" என்றான் கடிகாரக்காரன். இம்முறை இடைவெளி விடவில்லை.

"ஹௌது சார்" என்றான் சாமராஜநகரத்தான்.

இவ்வளவு தைரியமான பொய்யை அதற்கு முன்னால் நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்படியா? எந்த எண்?" என்று அக்ரஹாரத்தானைக் கேட்டார்.

"சொன்னா அவளுக்கு எச்சிலாயிடும் சார். எங்க சட்டம் அப்படி."

"இங்கே என் சட்டம். சொல்."

அவன் கூரையைப் பார்த்தான். கூரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றி ஏமாற்றுகிற எண் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, "தொண்ணூத்தி ஒண்ணு சார்" என்றான்.

"எண்பத்தொன்பது" என்றார் பேராசிரியர்.

அவ்வளவுதான் சொன்னார். எண்பத்தொன்பது பகா எண், அதோடு இரண்டைச் சேர்த்தால் தொண்ணூற்றொன்று. முதல் கழித்தலிலேயே விழுகிற எண்ணைச் சொல்லியிருந்தான். கடிகாரக்காரன் தன் கடிகாரத்தைப் பார்த்தான். அவனைக் கேட்கவேண்டிய தேவை பேராசிரியருக்கு வரவில்லை. சாமராஜநகரத்தான் மட்டும் பழக்க தோஷத்தில் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்துபோய்ப் பலகையில் 127 என்று எழுதி ஆறு கழித்தலையும் போட்டேன். பேராசிரியர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்று, ரொம்ப நன்று" என்று பலகையைத் தட்டினார். எனக்குக் காது சூடானது. பெங்களூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது.

அவர் அக்ரஹாரத்தான் பக்கம் திரும்பினார். "முகாமில் இதை மறக்காமல் சொல். சந்தோஷப்படுவார்கள்."

எனக்குப் புரியவில்லை. "சார், யார் போவதென்று இன்றைக்குத்தானே..." என்றேன்.

"பெயர் போன வாரமே அனுப்பியாயிற்று அம்மா. உங்களில் யார் முன்னால் முடிக்கிறார்கள் என்று இவர்கள் மூவரையும் கேட்டேன், பேனா வரிசையைச் சொன்னார்கள். ஒழுங்கான முறைதானே?" என்றார். குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பலகையைத் துடைப்பதற்கு டஸ்டரை என் கையில் கொடுத்தார்.

வெளியே நடையில் அக்ரஹாரத்தானை நிறுத்தினேன். "புத்தகத்துல 'உண்மையா'ன்னுதானே கேட்டிருக்கு? நீ ஏன் 'நிரூபி'ன்னு எழுதினே?"

"அது மரியாதைக்குக் கேக்கறதுன்னு நெனைச்சேன்" என்றான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு கேள்வி நிஜமாகவே கேள்வியாக இருக்கக்கூடும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. இவனிடமா நான் தோற்றேன் என்று மனசு ஆறவில்லை.

அதன் பிறகு அந்த மாடியறைக்குப் போகவில்லை. பரீட்சை முடிந்தது. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "நீதான கண்ணு செரியாச் சொன்னது? அப்பறம் அந்தப் பையன எதுக்கு அனுப்புறாங்க?" என்றார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனார்.

ஜூன் தொடக்கத்தில் அக்ரஹாரத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தான். அதற்கு முன்னால் வந்ததே இல்லை. தெருவில் காயவைத்திருந்த ஊதுபத்தித் தட்டுகளைத் தாண்டி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். முகாமில் இரண்டாவதாக வந்திருக்கிறானாம். எம்.எஸ்ஸி. இடம் உறுதியாம். சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தானாம். என்னிடம் சொல்வதற்கு அவனுக்கு என்ன தேவை என்று தெரியவில்லை. ஒருவேளை உள்ளே ஏதாவது உறுத்தியிருக்கலாம். ஆனால் அவனுக்கு அவ்வளவு தூரம் நான் இடம் கொடுப்பதில்லை.

அம்மா காபி கொண்டுவந்தாள். அவன் தம்ளரை வாங்கித் தலைக்கு மேலே தூக்கி ஊற்றிக்கொண்டு, நடுநடுவே பேசினான்.

"நூத்தி இருபத்தேழைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டிட்டா, தெரியுமோ? அதுலதான் என் பேரே வெளியில தெரிஞ்சுது."

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டாங்களா?"

"கேட்டா."

"என்ன சொன்னே?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "ஒவ்வொண்ணா கழிச்சுப் பாத்தேன்னு சொல்ல வெக்கமா இருந்தது. சட்டுன்னு தோணித்துன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவனைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

"நீ எச்சில் சாப்பிடமாட்டியே" என்றேன். "பெங்களூர் வரைக்கும் கொண்டுபோய் எல்லார் முன்னாலயும் சாப்பிட்டது என் எச்சில்தான். ருசியா இருந்ததா?"

தம்ளர் அந்தரத்தில் நின்றது. முதல் முறையாகக் காபி சிந்தி அவன் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. பாதிக் காபியோடு தம்ளரைத் தரையில், தன் முன்னால், பேனாவை வைக்கிற அதே பதனத்தோடு வைத்துவிட்டு எழுந்தான்.

"ஏனுங் தம்பி, காப்பி நல்லால்லீங்களா?" என்று அம்மா பதறினாள்.

"நல்லாத்தான் இருக்கும்மா" என்றேன். "அவரு முடிச்சுட்டாரு."

திங்கட்கிழமை அப்பாவோடு கம்பெனிக்குப் போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். பழைய மாணவர் கூட்டத்தில் சால்வை போர்த்திக்கொண்டு கண்கலங்கியவன் அக்ரஹாரத்தான்தான். பேச்சு முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கிக் காபி மேஜைக்குப் போனான். அங்கே நான் நின்றிருப்பதைப் பார்த்தான். ஒரு கப்பை எடுத்து, வாயில் வைத்து, எல்லாரையும் போல உறிஞ்சிக் குடித்தான்.